தலைமடை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பூவிழிக்கு பிராட்பேண்ட் இல்லாமல் முடியாது. அந்தக் கேபிளைத் தன் கொல்லை வழியாக இழுக்க விடமாட்டேன் என்று பக்கத்து வீட்டுப் பெரியப்பா இராஜாங்கம் வரிந்துகட்டிக்கொண்டு மறித்தார்.

"பாபநாசம் பூரா ஓசில வைஃபை விட்டிருக்கான். அது பத்தாதா உனக்கு?"

"பஸ் ஸ்டாண்டுல பாயுது பெரியப்பா. நம்ம தெரு கடைமடை. வந்து சேர்றதுக்குள்ள வத்திடுது."

"கடைமடைன்னா கெடைக்கிறத வச்சுக்கணும்."

வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை அவர் வயல்தான். கடைசியில் இருந்த அவள் அப்பா வயலுக்குத் தண்ணீர் விடாமல் அடைத்தபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

பூவிழி பின்தெரு வழியாகக் கேபிளை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே, துபாய் மகனின் முகம் பாதிப் பேச்சில் உறைந்து நிற்க, பெரியப்பா போனோடு வந்து நின்றார்.

"உன் வைஃபை பேரு என்னம்மா?"

"தலைமடைன்னு வரும் பாருங்க."

"பாஸ்வேர்டு?"

"கடைமடைன்னா கெடைக்கிறத வச்சுக்கணும், பெரியப்பா."