வருஷவாரியாகத் தைத்த தொடர்கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுங்களா. ஒரு கதை சொல்றேன். அதுக்குள்ள இன்னொரு கதையும் இருக்கு.

கடலூரில் லோகநாயகி என்று ஒருத்தி. வாரப் பத்திரிகையில் வந்த மர்மத் தொடர் ஒன்றைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தாள். அவளுக்கு உசிரு அது. ஒரு வாரம் 1964, துறைமுகத்துப் பங்களா தீப்பிடித்த கதை. மறுவாரம் இன்றைய கதை, ஊரில் ஒவ்வொருத்தராகச் சாகிறார்கள். இப்படி மாறி மாறி வந்து, கடைசியில்தான் முடிச்சு அவிழும். அதைப் படித்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் திடுக்கிடலைப் பேசிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

சிதம்பரத்தில் நாத்தனார் பவானி காலொடிந்து படுத்தாள். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். ஆள் கிடைத்துவிட்டாள் என்று லோகநாயகி கிழித்து வைத்த தாள்களை எடுத்துப் புருஷன் அன்பரசிடம் தந்தாள். "பைண்டிங் போட்டு உங்க தங்கச்சிகிட்ட குடுத்துடுங்க."

மறுவாரம் இருவரும் பார்க்கப் போனார்கள். பவானி சிரித்தாள். "என்னண்ணி, கொலை விழறதுக்கு முன்னாடியே ஆளைக் காட்டிட்டாங்க! தீயில காது வெந்த அந்தப் பையன்தான இப்ப கொலை பண்ற டாக்டரு?"

லோகநாயகி புத்தகத்தைப் பிடுங்கிப் புரட்டினாள். 1964 மொத்தமும் முன்னால். இன்றைய கதை மொத்தமும் பின்னால்.

"கலைஞ்சு கெடந்துச்சு லோகா," என்றான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனான அன்பரசு. "பழசெல்லாம் ஒண்ணா, புதுசெல்லாம் ஒண்ணா அடுக்கிக் குடுத்தேன். நல்லதுதான பண்ணேன்?"

"உங்க கடை நட்டு போல்ட்டா அது?" புத்தகத்தை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். "ஒரு தடவைதான் திடுக்கிட முடியும். அதையும் கெடுத்துட்டீங்களே!"

அன்பரசு வண்டியைப் பார்க்கிற சாக்கில் நழுவினான்.

"திடுக்குனு இல்லதான் அண்ணி," என்றாள் பவானி. "ஆனா அந்த டாக்டரு ஊசி எடுக்கிறப்பல்லாம் எனக்கு நடுங்குச்சு. தீக்குள்ள அம்மாவத் தேடுன புள்ளையாச்சே. போலீசு புடிச்சப்ப அழுதுட்டேன்."

"கொலைகாரனுக்கா அழுத?"

"பின்ன? நீங்க அழல?"

எத்தனையோ தடவை படித்தவள், ஒரு தடவையும் அழுததில்லை. அதில் எரிச்சல் இன்னும் ஏறியது.

"மூணு பேரக் கொன்னவன்டி அவன்!"

"அந்த மூணு பேரும் என்ன யோக்கியமா? பங்களா எரியறப்ப வெளிய தாப்பாள் போட்டது யாரு?"

வாசலில் ஹாரன் அடித்தது.

"நீங்க போங்க!" என்று லோகநாயகி கத்தினாள். "இவளுக்குப் பதில் சொல்லிட்டு நான் பஸ்ல வர்றேன்!"

உங்க வீட்டுலயும், படிச்ச கதைக்குச் சண்டை போட ஒரு ஆளு எப்பவும் இருக்கணும் கண்ணுங்களா. அடுப்புல பால் பொங்கட்டும், புள்ளகுட்டியோட நல்லா இருங்க.