இருபத்தாறு நிமிடம்

அந்த லிஃப்ட் மெக்கானிக் நான்கு வருடமாகக் கைப்பேசியில் சூதாடிக்கொண்டிருந்தார். மூன்று சக்கரங்கள் சுழலும் ஆட்டம் அது. இரண்டில் ஒரே பழம் வந்து நிற்கும். மூன்றாவதில் அதே பழம் தலையைக் காட்டிவிட்டு ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். "சே, நூலிழையில போச்சு!" என்று மறுபடியும் தட்டுவார்.

மகளின் பள்ளி விழாவிலும் குனிந்த தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, நான் பாடினேனா, ஆடினேனா? சொல்லுங்க பாப்போம்."

அவருக்குத் தெரியவில்லை. மறுநாளே மனைவியைக் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனார்.

"நூலிழையில தோத்தாலும் தோல்விதான்" என்றார் அந்த டாக்டரம்மா. "ஆனா உங்க மூளை அதைக் கிட்டத்தட்ட ஜெயிச்ச மாதிரி எடுத்துக்கிட்டு, இன்னொரு தடவைன்னு உசுப்பேத்தும். ஆட்டத்தை உருவாக்கினவங்களுக்கு அது நல்லாத் தெரியும்."

"அப்போ நான் முட்டாள் இல்லையா டாக்டர்?"

"இல்லவே இல்லை. உங்க மூளை அப்படிப் பழகிடுச்சு, அவ்வளவுதான். மாத்திப் பழக்கலாம். ஆசை அலை மாதிரி ஏறும்; தீனி போடலைன்னா தானா இறங்கும். வரும்போது தனியா மல்லுக்கட்டாதீங்க, யார்கிட்டயாவது சொல்லுங்க."

அன்றே ஆட்டத்தை அழித்தார். மூன்றாவது வாரம், ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தார். வேலை முடிந்ததும் ஆடுவதுதான் பழைய வழக்கம். கை தானாகப் பைக்குள் போனது. நாக்கு வறண்டது, நெஞ்சு படபடவென்று அடித்தது. அழித்த ஆட்டத்தைக் கைப்பேசியில் மறுபடி இறக்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

சலவைக் கடையில் வேலையாக இருந்த மனைவியை அழைத்தார். "வந்துடுச்சு."

அவளுக்குப் புரிந்தது. "வெச்சிடாதீங்க. பேசிட்டே இருப்போம்."

எதிரே கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். "நீலச் சட்டை, காலர்ல கறை. கோட்டு, ரெண்டு பட்டனைக் காணோம். கறுப்பு பேன்ட், பாக்கெட்ல... ஐயோ, பல்செட்டுங்க!"

"பல்செட்டா?"

"சத்தியமா! கீழ்வரிசை!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவள் விடாமல் அடுத்த மூட்டையைப் பிரித்தாள். போர்வை, திரைச்சீலை, மேசை விரிப்பு. எந்த இடத்தில் படபடப்பு அடங்கியதென்று அவருக்கே தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தாறு நிமிடம்.

"போயிடுச்சு!" என்று கத்தினார். "ஏய், போயே போயிடுச்சு!"

மறுமுனையில் அவள் கடை அதிரக் கூவினாள்: "எங்க வீட்டுக்காரர் ஜெயிச்சுட்டாரு!"

எதில் என்று தெரியாமலே கடையில் எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்த வாரமும் ஆசை வந்தது. பதினெட்டே நிமிடத்தில் திரும்பிப் போனது.