மாடு நிற்க வேண்டிய இடம்

வானம் முதலில், மாடு கடைசியில். தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டி, அது காய்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பதை அதன் மேல் ஏற்ற வேண்டும். இந்த ஒரு விஷயத்தை என் கணவருக்குப் பத்து வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

திங்கட்கிழமை வானம். செவ்வாய் மலையும் மரங்களும். புதன் வயலும் வைக்கோல் கொட்டகையும். வியாழன் வேலி. ஒவ்வொரு நாளும் பின்னால் வந்து நின்று, "நல்லா இருக்கு, இதோட விட்டுடேன்" என்பார். வெறும் நீல வானத்தைப் பார்த்தும் அதையேதான் சொன்னார். பாராட்டா, பரிகாசமா என்று புரியாமல் எனக்கு எரிச்சலாக வரும்.

சனிக்கிழமை மதியத்துக்குள் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும். நான்கு வருடமாகப் பெயர் கொடுக்கிறேன். ஒரு வருடம்கூடப் படம் போய்ச் சேர்ந்ததில்லை. நான் வேலை பார்க்கும் தபால் அலுவலகத்தில் எனக்குப் 'பாதிப்படம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இந்த வருடமும் கொடுக்காவிட்டால் இனி தூரிகையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாடு மட்டும்தான் பாக்கி. வேலிக்கு முன்னால் அதற்கென்று கொஞ்சம் புல்வெளியைக் காலியாக விட்டிருந்தேன். பார்த்தால், பலகை முழுக்கக் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. அவர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். மேசைக்கு அடிக்கிற வார்னிஷை என் பண்ணையின் மேல் அடித்து வைத்திருக்கிறார். அந்த வழவழப்பில் என் வண்ணம் ஒட்டவே ஒட்டாது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கண்ணை எங்கே வைத்திருந்தீர்கள், மாடு இல்லாமல் ஒரு பண்ணையா என்று கத்தித் தீர்த்தேன். அவர் பிரஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். 'படம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்' என்று சொல்வார், மன்னித்துத் தொலைக்கலாம் என்று காத்திருந்தேன்.

"மாடு பாக்கின்னு தெரியும்," என்றார். "தெரிஞ்சுதான் அடிச்சேன். நாலு வருஷமும் இந்த இடத்துலதான் கெடுத்த. மாட்டைப் போட்டு, அழிச்சு, திரும்பப் போட்டு, கடைசில மொத்தத்துக்கும் வெள்ளையடிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடாம கிடப்ப. என்னால பார்க்க முடியலை."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆத்திரம் அதனால்தான் இன்னும் அதிகமானது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மற்றவர்களுக்கு அது வெறும் புல்வெளி. எனக்கு அது மாடு இல்லாத இடம்.

"கெடுத்தா நானே கெடுத்துக்கறேன்," என்றேன். "உப்புத்தாள் எங்க இருக்கு?"

நைஸான தாளாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். காலி இடத்தில் மட்டும் பளபளப்புப் போகத் தேய்த்துவிட்டு, மாட்டைப் போட்டேன். பின்னங்கால் கோணலாக வந்தது. காதைப் பார்த்தால் கழுதை என்று சொன்னாலும் நம்புவார்கள். என் கை தானாக வெள்ளை டப்பா பக்கம் போயிற்று.

பாதியில் நிறுத்தி, வார்னிஷ் டப்பாவைத் தூக்கி அவர் கையில் வைத்தேன்.

"சீக்கிரம் அடிங்க."

அவர் மாட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் காயவில்லை, அரை மணி நேரமாவது ஆகும் என்றார். அந்த அரை மணி நேரமும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.