அவர் பெயரில் ஒரு டிக்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டி உட்கார்ந்தாலும் சரிதான். ஒரு கதை சொல்கிறேன். பூதமும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒருத்தி வெட்கத்தில் குறுகிப்போன கதை.

அவள் வேலை பார்த்த இடத்தில் லினக்ஸ் என்னும் கணினி அமைப்பைத் தொகுத்து உலகத்துக்கெல்லாம் அனுப்புவார்கள். அதற்குள் ஆயிரக்கணக்கில் பொதிகள், அதாவது தனித்தனி மென்பொருள்கள். பாட்டுக் கேட்க ஒன்று, கடிதம் எழுத ஒன்று. ஒவ்வொன்றும் இன்னொன்றின் தோளில் ஏறி நிற்கும். கீழே நிற்பதைப் புதிதாக மாற்றினால் மேலே இருப்பவை எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஒன்று மட்டும் பழையதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் போச்சு. இந்தச் சண்டைகளைத் தீர்த்து எல்லாவற்றையும் ஒரே நாளில் நகர்த்துவதுதான் அவள் வேலை. அதனால் ஆபீசில் அவளுக்குப் பெயரே பஞ்சாயத்தம்மா.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொதுவான ஒன்றை மாற்றும் முன், அதை நம்பியிருக்கும் பொதிகளின் பொறுப்பாளர்கள் புதியதைத் தங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, சரியாக ஓடினால் பட்டியலில் தம் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட வேண்டும். எல்லா டிக்கும் விழாமல் எதுவும் நகராது.

அந்த முறை மாற வேண்டியது, கணினியின் ஒலியைக் கவனிக்கும் பொதி. நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் போட்டாயிற்று. பாக்கி ஒருவர். திரையில் இருப்பதை உரக்க வாசித்துக் காட்டும் பொதிக்குப் பொறுப்பானவர். வெளியூர்க்காரர், யாரும் நேரில் பார்த்ததில்லை. எதற்கும் மூன்று வாரம் எடுப்பார். அவருக்கு ஆபீசில் நத்தை என்று பெயர்.

"நத்தையார் இன்னும் கிளம்பலையா?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"கிளம்பிட்டாராம். வாசல்படி தாண்ட அடுத்த வெள்ளிக்கிழமை ஆகும்."

"நீங்களே ஒரு டிக்கைப் போட்டு விடுங்க பஞ்சாயத்தம்மா. அவர் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள். ஆனால் அவர் சாப்பிட எழுந்து போனதும் பட்டியலைத் திறந்து, நத்தையின் பெயருக்கு எதிரே டிக்கை வைத்தாள். பட்டியலைத் திருத்தும் உரிமை அவளிடம் இருந்தது. எப்படியும் வரப்போகிற பதில்தானே என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

மாற்றம் வெளியே போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். புகாரே இல்லை.

"இவ்வளவு பெரிய மாற்றத்துல ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையே, பலே!" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அதை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், கண்ணுகளா.

ஐந்தாம் நாள் தொலைபேசி அடித்தது.

"வணக்கம்மா. திரையை வாசிக்கிற பொதியைப் பாத்துக்கிறது நான்தான். நத்தைன்னு சொன்னாத்தான் அங்க தெரியுமாமே?"

அவளுக்குக் காதோரம் சுட்டது.

"எனக்குப் பார்வை கிடையாதும்மா. ஒவ்வொரு வரியையும் காதால கேட்டுத்தான் சோதிக்கணும், அதான் இழுக்குது. நாலு நாளா என் மெஷின் ஊமையாயிடுச்சு. என்னை மாதிரி ஆளுங்க எல்லாருக்கும் இதே கதைதானாம். புகார் எழுதலாம்னா, மெஷின் பேசினாத்தானே எழுத முடியும்? கடைசியில என் தங்கச்சியை வாசிக்கச் சொன்னேன். பட்டியல்ல என் பேர்ல டிக் இருக்குன்னு சொல்றா."

அவள் திரையில் பட்டியலைத் திறந்தாள்.

"எப்போ அமுக்கினேன்னு ஞாபகமே இல்லம்மா. கை தவறிப் பட்டிருக்கும். என்னால எத்தனை பேருக்குக் கஷ்டம்! எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு, பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுறேன். பதினோரு வருஷம் பாத்தாச்சு. கண்ணு தெரியாதவன் இதைத் தொட்டிருக்கவே கூடாதோ என்னமோ."

வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். பழி அவரோடு போய்விடும். பாராட்டு இவளோடு இருந்துவிடும். கொஞ்ச நேரம் அவள் சும்மா இருந்தாள் என்பதையும் உங்களிடம் நான் மறைக்கப் போவதில்லை.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"நீங்க அமுக்கலைங்க. நான்தான் போட்டேன். உங்க பேர்ல."



"எதுக்கும்மா?"

"அவசரம்." வேறு காரணம் தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

"ஒரு போன் போட்டிருந்தா, இது ஓடாதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேனே." என்றார் அவர். "டிக் இருக்குன்னு தங்கச்சி சொன்னதுலேருந்து என் கையை நானே சந்தேகப்பட்டேன்."

திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கே பழைய ஒலிப் பொதியைப் புதியதன் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காதபடி வழி செய்தார்கள்; ஊமையான மெஷின்கள் மறுபடி பேசின. அவள் எல்லாருக்குமான பொதுக் கடிதத்தில் எழுதினாள்: "அந்த டிக் அவர் போட்டதல்ல. அவரைக் கேட்காமல் நான் போட்டது." அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் ஒவ்வொரு திரையாக அது திறப்பது தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. பட்டியலைத் திருத்தும் உரிமையைத் தன்னிடமிருந்து எடுத்துவிடச் சொன்னாள். மேலாளர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துவிட்டார்.

அவர் பொறுப்பை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவளோடு வேலைக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. அது அவர் உரிமை என்று அவளும் கேட்கவில்லை.

நேரமாயிற்று, எழுந்திருங்கள் செல்லங்களே. உங்கள் வீட்டில் எல்லார் சொல்லும் எல்லார் காதிலும் விழட்டும். பெரியவர்களும் பிள்ளைகளுமாக, ஒரு குறையும் இல்லாமல் நிறைந்திருங்கள்.