நாற்பத்தொரு சதவீதம்

எங்கள் சொந்தத்தில் எனக்குப் பேட்டரி என்று பெயர். போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கல்யாண வீடோ துக்க வீடோ, யாராவது ஒருவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், சார்ஜே நிற்க மாட்டேன் என்கிறது என்று போனை நீட்டுவார். நானும் ஒப்பிப்பேன். வெளிச்சத்தைக் குறை, லொகேஷனை அணை, தேவையில்லாத ஆப்பையெல்லாம் தூக்கு. பலமாகத் தலையாட்டுவார்கள். ஒருவரும் செய்ய மாட்டார்கள். என் தங்கை மட்டும் செய்வாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

அவள் இருக்கும் ஊருக்குள் ஆறு புகுந்துவிட்டது. முதல் நாள் இரவே கரண்ட் போய்விட்டது. அவள் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், நடுக்கடலில் இருந்தார். வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியார் படுத்த படுக்கை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டும். வெள்ளத்தால் ஒன்று தவறியிருந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

காலையில் ஒரு சின்னப் படகு வந்து கட்டடத்தில் இருந்த மற்ற எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. மாமியாரைப் படுக்கவைக்க அதில் இடமில்லை. நீயாவது போயிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "அத்தைய தனியா விட்டுட்டு எப்படிம்மா போறது?" என்றாளாம்.

மீட்பு அலுவலகத்துக்கு நான்தான் விடாமல் போன் போட்டுப் பதிந்தேன். ஸ்ட்ரெச்சரோடு வேறொரு படகு வரும், ஆனால் நாளைக் காலையில்தான் வரும், வரும்போது அவள் நம்பருக்குக் கூப்பிடுவார்கள் என்றார்கள். ஆக, விடியும்வரை அவள் போன் சாகாமல் இருக்க வேண்டும். இதுதான் என் வேலை. நாள் முழுக்க ஊரார் போனுக்கு உயிர் கொடுக்கிறவன், என் தங்கை போனைக் காப்பாற்ற மாட்டேனா?

காப்பாற்ற விட்டால்தானே. விஷயம் தெரிந்ததும் சொந்தம் மொத்தமும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தது. பெரியம்மா கூப்பிட்டு, சார்ஜ் தீர்ந்துவிடும், அதிகம் பேசாதே என்று அரைமணி நேரம் பேசினாள். மாமா கூப்பிட்டு, யாரும் கூப்பிட்டால் எடுக்காதே என்றார். சித்தப்பா ஒருபடி மேலே போய், பேட்டரியை மிச்சம் பிடிப்பது எப்படி என்று ஒரு நீளமான வீடியோவை அனுப்பிவிட்டு, முழுதாகப் பார்த்தாயா என்று கேட்கவும் கூப்பிட்டார். குடும்பக் குழுவில் நான் வாய்க்கு வந்தபடி திட்டி எழுதினேன். உடனே எல்லோருமாக அவளைக் கூப்பிட்டு, அண்ணன் ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறான் என்று விசாரித்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சாயங்காலத்துக்குள் அவள் போனில் பாதி சார்ஜ் காலி. தவிர, அங்கே டவர் சரியாக இல்லை. சிக்னலைத் தேடித் தேடியே போன் சார்ஜைத் தின்றுவிடும். நான் யோசித்து, தொழில் தெரிந்தவனாக, தெளிவாக உத்தரவு போட்டேன். லொகேஷனை அணைத்துவிடு. ஃப்ளைட் மோடில் போட்டுவிடு, டவரையும் தேடாது, யார் கூப்பிட்டாலும் வராது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து எனக்கு மட்டும் கூப்பிடு, ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி போட்டுவிடு. நடுவில் என்ன ஆனாலும் தொடாதே.

"என்ன ஆனாலும் தொடமாட்டேண்ணா" என்றாள்.

அப்படியே செய்தாள். முதல் தடவை நாற்பத்து மூன்று என்றாள். அடுத்த தடவை நாற்பத்திரண்டு. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இந்தக் கணக்குக்கு விடியும்வரை தாராளமாகத் தாங்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்த இரண்டாவது அழைப்பு முடிந்து கொஞ்ச நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது. படகு ஓட்டுபவர், பதிவில் இருந்த என் நம்பருக்குப் போட்டிருக்கிறார். முதலில் போகவேண்டிய இடத்தில் ஆளை வேறொரு படகு ஏற்கெனவே மீட்டுவிட்டதால் இங்கே சீக்கிரம் வந்துவிட்டார்களாம். ஸ்ட்ரெச்சரும் கையில் இருக்கிறதாம். அவள் நம்பருக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறதாம்.

பதினொன்றாம் கட்டடம், மூன்றாவது மாடி, பின்பக்கம் என்று கத்தினேன்.

"சார், இங்க எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருக்கு. நம்பர் போர்டெல்லாம் தண்ணிக்குள்ள. எந்தப் பக்கத்துலேருந்து எண்ணணும்?"

எனக்குத் தெரியவில்லை. அவள் அந்த வீட்டுக்குக் குடிபோய் ஒரு வருடமாகிறது, நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கடையை விட்டு வர முடியவில்லை என்பேன். போய் வந்தவள் சித்தி மட்டும்தான். இன்னொரு போனில் அவளைப் பிடித்தேன். ஆட்டோவில் வாசலில் இறங்கினேன், வாட்ச்மேன்தான் கூட்டிக்கொண்டு போனான், கட்டடத்துக்குக் கீழே ஒரு சிவப்பு ஸ்கூட்டர் நின்றது என்றாள். சிவப்பு ஸ்கூட்டரைத் தண்ணீருக்குள் போய்த் தேடச் சொல்லவா?

லொகேஷன் அனுப்பச் சொன்னால் போதுமே சார் என்றார் படகுக்காரர். அவள் போனைத் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. திறக்கச் சொல்லவும் வழியில்லை. மெசேஜ் அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. எத்தனை போனைப் பிரித்துப் போட்டுச் சேர்த்திருக்கிறேன், ஒரே ஒரு போனை இங்கிருந்து தட்டி எழுப்ப எனக்குத் துப்பில்லை.

படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டடமாக விசில் ஊதிக்கொண்டே போனார். போனில் எனக்குக் கேட்டது. மொட்டை மாடியில் யாராவது கையாட்டுகிறார்களா என்று பார்த்தார். இருட்டத் தொடங்கியது, இன்னொரு தெருவில் குழந்தையோடு ஒரு குடும்பம் கூரைமேல் இருக்கிறது என்று அவருக்கு வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். தயங்கித்தான் சொன்னார். "மன்னிச்சுக்கங்க சார். காலையில வர்றோம்." அவர் போகும்போது மோட்டார் சத்தம் தேய்ந்துகொண்டே போனதையும் கேட்டேன்.

அதன் பிறகு அம்மாவும் நானும் என் போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு, கொஞ்சமும் பிசகாமல், அது அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, நாப்பத்தொண்ணு இருக்கு. நீ சொன்ன மாதிரியே தொடவே இல்ல."

குரலில் களைப்பு. பின்னால் மாமியாரின் மூச்சு, ஒவ்வொன்றும் எதையோ இழுத்து வருவதுபோல.

படுக்கவைத்தால் அத்தைக்கு மூச்சு முட்டுகிறது, அதனால் தன்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். பிறகு, "கீழ ஏதோ மோட்டார் சத்தம் கேட்டுச்சுண்ணா. விசில் கூட ஊதினாங்க. அத்தைய விட்டுட்டு மொட்டை மாடிக்கு ஓட முடியல. போனை ஆன் பண்ணிப் பார்க்கலாமான்னு கையில எடுத்தேன். நீ திட்டுவேன்னு வச்சுட்டேன்."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"அது நமக்கு வந்த படகு இல்லதானே?" என்றாள் தங்கை.

இல்லை என்றேன். வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள்? காலையில் கண்டிப்பாக வருவார்கள் என்றேன். காலைவரை அத்தை தாங்குவாரா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"இனிமே ஃப்ளைட் மோடு வேண்டாம்மா. லொகேஷனையும் ஆன் பண்ணிடு. எல்லாத்தையும் ஆன்லயே வை."

"சார்ஜ் போயிடுமேண்ணா" என்றாள்.