நரியார் இருக்கும் திசை

ஹெட்போனில் பீப் ஒலி காதைத் துளைத்ததும் அவள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆன்டெனாவை இடமும் வலமுமாகத் திருப்பினாள். கிட்ட வந்துவிட்டாள். இனிமேல்தான் ஏமாறக் கூடாது. பாழடைந்த பம்பு அறையின் தகரக் கூரை அலையைத் திருப்பியடித்து ஆளைச் சுற்றலில் விடும். அப்பா வேண்டுமென்றேதான் அதற்குப் பக்கத்தில் ஒளிந்திருப்பார்.

ஒருவர் டிரான்ஸ்மிட்டரோடு காட்டுக்குள் ஒளிந்துகொள்ள, அது விடும் பீப்பைப் பிடித்துக்கொண்டே மற்றவர்கள் தேடிப் போவார்கள். ரேடியோ கிளப்பில் இதற்கு நரி வேட்டை என்று பெயர். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அப்பாதான் பெரும்பாலும் நரி. அதனால் எல்லோருக்கும் அவர் நரியார். காலையில் புறப்படும்போது, "நரி முகத்துல முழிச்சிருக்கீங்க, எல்லாருக்கும் யோகம்தான்" என்று சிரிக்க வைத்துவிட்டுத்தான் காட்டுக்குள் போனார்.

இன்று தம்பியும் வந்திருந்தான். அம்மா திடீரென்று விழுந்த அன்றும் அப்பா போனை அணைத்துவிட்டு இப்படித்தான் எங்கோ ஒளிந்திருந்தார். கூட்டிவர ஆன்டெனாவோடு ஓடியவன் தம்பி. பதற்றத்தில், பாறையில் பட்டுத் திரும்பிய அலையை நம்பி அதையே சுற்றிச் சுற்றி வந்தான். அவன் அப்பாவைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அப்பாவும் அவனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. போன வாரம் அப்பாவே போன் செய்து, ஒரு தடவை வாடா என்று கூப்பிட்டிருந்தார்.

புதரை விலக்கினாள். மரத்தில் சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இறக்கிவிட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"நான்தான்பா முதல்ல."

அவர் பேசவில்லை. பேசவும் மாட்டார். ஆள் எதிரே வந்து நின்றாலும் நரி வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கண்டுபிடித்ததற்கு அடையாளமாக அவள் அவர் மடியிலிருந்த முத்திரையை எடுத்துத் தன் அட்டையில் குத்திக்கொண்டாள். திரும்பும்போது பார்த்தாள்: ஓர் எறும்பு அவர் புறங்கையில் ஏறி, விரலிடுக்கில் இறங்கி, மறுபடி ஏறியது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

தொப்பியை எடுத்தாள். பிறகு கையைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியவில்லை. அடுத்து வந்தவர் கிளப்பின் பல் டாக்டர். வாயெல்லாம் பல்லாக வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஆன்டெனாவைக் கீழே போட்டார். நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். உயிர் போய் நேரமாகிவிட்டது, தூக்கத்தில் போவதுபோலப் போயிருப்பார் என்று தணிந்த குரலில் சொன்னார். ரோட்டுக்குப் போய் ஆட்களைக் கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைக்கக் குனிந்தார்.

"அத அணைக்காதீங்க," என்றாள். "தம்பி இன்னும் வரல."

அவர் போன பிறகு பீப் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி பம்பு அறைப் பக்கம் போவது தெரிந்தது. நின்றான். கூப்பிட்டுவிடலாமா என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவன் ஆன்டெனாவை மெல்ல ஒரு முழு வட்டம் சுற்றினான். தகரக் கூரைக்கு முதுகைக் காட்டிவிட்டு நேராக இந்தப் பக்கம் நடந்து வந்தான்.

அக்காவை அவன் கவனிக்கவேயில்லை. அப்பாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"அன்னிக்கு உங்க மேல தப்பில்லப்பா. எனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியல," என்றான். "அத ஒத்துக்க முடியாமத்தான் இத்தனை நாளும் பேசாம இருந்தேன்."

அவன் பதிலுக்குக் காத்திருந்தான். விதி அவனுக்கும் தெரியும். கொஞ்சம் சிரித்தான்கூட. அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

அவள் நகர்ந்து இடம் விட்டாள். ஆனால் அவன் அப்பாவின் காலடியில்தான் போய் உட்கார்ந்தான். ஒரு குச்சியை ஒடித்து, அவருடைய பூட்ஸில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினான். முதலில் இடது கால். பிறகு வலது.