கட்டைவிரலில் தொடங்கி

அக்காவின் இடது கைக்குச் சூடு தெரியவில்லை. குளிர் தெரியவில்லை. தொட்டால் தெரியவில்லை. மற்றபடி அது கைதான். விரல்கள் மடங்கின, நீண்டன. டம்ளரைப் பிடித்தன. பிடித்திருப்பதை மறந்து கீழே விட்டன. ஒரே வாரத்தில் கண்ணாடிச் சாமான்களை எல்லாம் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு எவர்சில்வருக்கு மாறினோம்.

கழுத்தில், தண்டுவடத்தை ஒட்டி, பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. எடுத்துவிட்டார்கள். நரம்பு தேற ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடம் ஆகலாம், தேறாமலும் போகலாம் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். அக்கா ஒன்றுதான் கேட்டாள்.

"நான் இஸ்திரி போடலாமா சார்?"

"கைக்குத் தெரிஞ்சா போடலாம்."

அக்கா ஒரு லாண்டரியில் பதினேழு வருடமாக இஸ்திரி போடுகிறாள். பார்க்கிறவர்கள் வலது கையைப் பார்ப்பார்கள், பெட்டி அதில்தான் இருக்கிறது. வேலை இடது கையில் இருக்கிறது. அது பெட்டிக்கு முன்னால் போய்த் துணியை இழுத்துப் பிடிக்கும், சுருக்கத்தைத் தடவி எடுக்கும், பெட்டி வந்து சேர அரை அங்குலம் இருக்கும்போது விலகிக்கொள்ளும். கண் அதைக் கவனிப்பதில்லை. கண் அடுத்த மடிப்புக்குப் போயிருக்கும். சூடு கிட்டே வருவது கைக்கே தெரியும்.

முதலாளியம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். அக்காவின் விரல்களைத் தூக்கிப் பார்த்தார், துணியில் கறை பார்ப்பதுபோல.

"உன் மேசையை யாருக்கும் குடுக்கல. ஒண்ணாம் தேதி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல முடியாதும்மா. துணி மலையா கெடக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பொண்ணு. கை தேறிடுச்சுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, இவ வரட்டும். இவ சொன்னா நம்ப மாட்டேன். தூக்கிட்டுப் போகும்போதும் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றவ இவ."

நான் தலையை ஆட்டினேன்.

அவர் போன பிறகு அக்கா சொன்னாள். "வாயைத் தொறந்து சரிங்கன்னு சொன்னா முத்து உதிர்ந்துடுமாடி?"

வீட்டில் நாங்கள் இருவர்தான். அக்கா என்னைவிடப் பதினான்கு வயது பெரியவள். நான் வேதியியல் படித்துவிட்டு, குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாட்டில்களோடு வேலை. பாட்டில்களிடம் பேச வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தந்த பிசியோதெரபிஸ்ட் ஒல்லியானவர், என் வயதுதான் இருக்கும். எதற்கெடுத்தாலும் "மெதுவா" என்பார். அக்கா அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டாள். மாதத்துக்கு ஒருமுறைதான் மெதுவாவைப் பார்க்க முடியும், அவ்வளவு கூட்டம். அதனால் பயிற்சியை என் போனில் பேசிப் பதிவு செய்து தந்தார். இருபத்திரண்டு நிமிடம். அதில் "மெதுவா" நாற்பத்தொரு முறை வருகிறது. எண்ணினேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு, கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு பாய்களை விரிப்போம். தனியாகச் செய்தால் இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள், நீங்களும் கூடவே படுங்கள் என்று மெதுவா சொல்லியிருந்தார். படுத்தேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்று போன் சொல்லும். "தரை உங்களை எங்கெங்க தொடுதுன்னு மட்டும் பாருங்க. இப்ப இடது தோளைக் கொஞ்சமா காது பக்கம் கொண்டு போங்க. கொஞ்சம்னா, பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியக் கூடாது, அவ்வளவுதான். மெதுவா. போன வழியே திரும்பி வாங்க. மூச்சை நிறுத்திட்டீங்களா? விடுங்க."

"மூச்சு விடச் சொல்றதுக்கு ஒரு ஆளு," என்பாள் அக்கா.

"பேசாம பண்ணுக்கா."

"பேசாம பண்றதுக்கு நான் என்ன நீயா?"

ஒன்பதாவது நிமிடத்தில் போன் கேட்கும்: "உங்க இடது குதிகால் தரையில எந்த இடத்துல படுது?" முதல் நாள் நான் தேடினேன். அங்கே ஒரு குதிகால் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. இருப்பதாகத் தெரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. இதை நான் எழுதி வைக்கவில்லை. தினமும் நான் எழுதிய குறிப்பேடு அக்காவுக்கானது.

பயிற்சி பயன் தந்தது. அறுவைக்குப் பிறகு அக்கா யாராவது கூப்பிட்டால் உடம்பையே திருப்பித்தான் பார்ப்பாள், அலமாரியைத் திருப்புவதுபோல. இரண்டாம் வாரம் கழுத்து மட்டும் திரும்பியது. மூன்றாம் வாரம் இடது கை மேல்தட்டு வரை போனது. வலிக்கவில்லை என்றாள். "இத்தனை வருஷமா தோளைக் காதுல மாட்டிக்கிட்டு இருந்திருக்கேன்டி. கம்மல்னு நெனச்சுட்டேன் போல."

பயிற்சி முடிந்ததும் விரல் சோதனை. அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் நான் ஒவ்வொரு விரல் நுனியாகத் தொடுவேன். எந்த விரல் என்று அவள் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் மெதுவா அதைச் செய்து காட்டியபோது சுண்டு, நடு, மறுபடி நடு, கட்டை என்று தாறுமாறாகத் தொட்டார். வெளியே வரிசை நின்றது. அவசரம் என்று நினைத்தேன். நான் அதை ஒழுங்காகச் செய்தேன். கட்டைவிரலில் தொடங்கி சுண்டுவிரல் வரை, பிறகு மறுபடியும். ஒரு தொடுகைக்கு இரண்டு வினாடி. பத்துத் தொடுகை. பத்துக்கு எத்தனை என்று எழுதுவேன்.

முதல் நாள் மூன்று. ஆறாம் நாள் ஐந்து. பன்னிரண்டாம் நாள் எட்டு. பத்தொன்பதாம் நாளிலிருந்து பத்து.

"பத்துக்குப் பத்து," என்றாள் அக்கா. "ஸ்கூல்ல வாங்காத மார்க்கு."

வரைபடமும் போட்டேன். அழகாக ஏறியது. சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு அது தெரியவில்லை. வரைபடம் ஏறுவது மட்டும் தெரிந்தது.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மாலையில் முதலாளியம்மாவுக்குப் போன் செய்வதாகப் பேச்சு. அக்கா வேலைக்குப் போடும் ஏப்ரனை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். மத்தியானம் அவளுடைய இடது கை நகங்களை வெட்ட உட்கார்ந்தேன்.

சுண்டுவிரலின் வெளிப்பக்கத்தில் ஒரு கொப்புளம் இருந்தது. மிளகு அளவு. உள்ளே தண்ணீர்.

"இது எப்ப வந்துச்சு?"

"எது?"

விரலைத் திருப்பிக் காட்டினேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"காலையில குக்கர் மூடியா இருக்கும். தெரியலையே."

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. அங்கே தண்ணீர் பாட்டில்கள் வந்ததும் இடம் மாற்றி, வேறு எண் ஒட்டி, அதற்கப்புறம்தான் எங்கள் கையில் தருவார்கள். எந்தத் தெருத் தண்ணீர் என்று முன்னாலேயே தெரிந்தால், எதிர்பார்த்த முடிவே கண்ணில் படும். மூன்று வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறேன். அக்காவின் விரல்களுக்கு அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, இன்னொரு தடவை பாத்துடலாமா?"

"காலையிலதானே பாத்தே?"

"இன்னொரு தடவை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். நான் பஞ்சுக்குச்சியைக் காற்றில் பிடித்துக்கொண்டேன். கையின் மேல் ஒரு சாண் உயரத்தில்.

"கட்டை," என்றாள் அக்கா.

இரண்டு வினாடி.

"ஆள்காட்டி."

நான் அசையவில்லை.

"நடு. மோதிரம். சுண்டு." கொஞ்சம் சிரித்தாள். "சுண்டு கொஞ்சம் அழுத்தமா பட்டுச்சு."

மறுபடியும் கட்டையில் தொடங்கினாள். முடியும்வரை நான் நிறுத்தவில்லை. பத்து ஆனது.

"பத்துக்குப் பத்தா?"

"நான் தொடலக்கா."

"எதை?"

"எதையுமே."

அக்கா கண்ணைத் திறந்து குச்சியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தை. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவழியாக அது கிளம்பியது.

"ஏமாத்தினேன்னு நெனக்கிறியா?"

"இல்ல."

"ஏமாத்தலடி." அவள் இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதைத் தடவினாள். "நீ கட்டைவிரல்லதான் ஆரம்பிப்பேன்னு மொத வாரமே தெரிஞ்சு போச்சு. அப்புறம் அடுத்த விரல்ல காத்துக்கிட்டு இருப்பேன். காத்துக்கிட்டே இருந்தா அங்க என்னமோ வர்ற மாதிரி இருக்கும். நெஜமா வந்துச்சா, வரும்னு நெனச்சதால வந்துச்சான்னு எனக்கே தெரியல."

"தப்பு என்னோடது. கலைச்சுப் போட்டுத் தொட்டிருக்கணும்."

"உன் ஒழுங்குல இடி விழ." குரலில் கோபம் இல்லை. "அப்ப முப்பத்திமூணு நாளும் வீணா?"

"தோள் வீணில்ல. கழுத்து வீணில்ல."

"தோளால இஸ்திரி போடுவாங்களா?"

அக்கா எழுந்து கொடியில் இருந்த ஏப்ரனைத் தொட்டுப் பார்த்தாள். வலது கையால். காய்ந்துவிட்டது போல. எடுத்து மடித்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. நோட்டுல பத்துக்குப் பத்துன்னுதானே இருக்கு? அதையே முதலாளியம்மாகிட்ட சொல்லிடு. நோட்டுல இருக்கறதைச் சொல்றது பொய்யா? நான் கையைப் பாத்துக்கிட்டே போட்டுக்கறேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை சட்டை?"

"எண்பது."

"எண்பது சட்டைக்கும் கையையே பாப்பியா?"

"பாப்பேன்."

"அப்ப மடிப்பை யார் பாக்கறது?"

அக்கா கொப்புளத்தைப் பார்த்தாள். வலது கட்டைவிரலால் அதை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். அது உடைந்து தண்ணீர் வந்தது. அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. என் முகத்திலும் மாறியிருக்காது. பஞ்சு எடுத்து வந்து துடைத்து, மருந்து தடவிக் கட்டினேன்.

"சரி," என்றாள். "சொல்லு. நீயே சொல்லு. என்னால சொல்ல முடியாது."

எனக்குப் போனில் பேச வராது. தெரியாத எண் என்றால் அடித்து ஓயும்வரை காத்திருப்பேன். சொல்ல வேண்டியதை முதலில் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். மூன்று வரி. ஐந்து மணிக்குப் போன் செய்து அதை அப்படியே படித்தேன். இடது கைக்கு இன்னும் எதுவும் தெரியவில்லை. தெரிகிறது என்று நாங்கள் நினைத்தது என் சோதனையில் இருந்த தவறு. பெட்டி அருகே அவள் நிற்கக் கூடாது.

முதலாளியம்மா முழுவதும் கேட்டார். பின்னால் ஆவி சீறும் சத்தம் கேட்டது.

"இதைச் சொல்றதுக்கு ஏம்மா படிக்கிற மாதிரி பேசறே?" என்றார். பிறகு, "மேசைக்கு வேற ஆளு வந்துடும். அது இனிமே மாறாது, அதையும் தெளிவா சொல்லிடு. துணிக்கு எண் கட்டற இடத்துல ஆள் வேணும். வரதா இருந்தா ஒண்ணாம் தேதி வரட்டும். வீட்லயே உக்காந்தா துருப்பிடிச்சுப் போவா."

அக்காவிடம் சொன்னேன்.

"எண் கட்டறதா? நான் சேந்தப்ப அங்கதான் உக்கார வெச்சாங்க." ஏப்ரனை அலமாரியில் வைத்தாள். "அதுக்கு ஏப்ரன் வேண்டாம்."

சாப்பிட்டோம். பாத்திரம் கழுவினேன். குறிப்பேட்டில் முப்பத்திமூன்று நாள் எண்களின் மேலும் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "செல்லாது" என்று எழுதினேன். தோள், கழுத்துப் பக்கங்களை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் எழுந்தபோது அக்கா இரண்டு பாய்களையும் விரித்திருந்தாள். போனைப் போட்டேன். தோள் காது பக்கம் போய், போன வழியே திரும்பி வந்தது. அக்கா ஒன்றும் கேலி செய்யவில்லை. ஒன்பதாவது நிமிடத்தில் குதிகாலைத் தேடினேன். இந்த முறை தலையைத் தூக்கவில்லை. எங்கோ ஒரு கடினம் இருந்தது. அது குதிகாலா, தரையா என்று சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் ஐந்து சின்னக் காகிதங்களில் ஐந்து விரல்களை எழுதி, சுருட்டி, டம்ளரில் போட்டுக் குலுக்கினேன்.

"சீட்டுக் குலுக்கற அளவுக்கு வந்துடுச்சு என் கை," என்றாள் அக்கா.

இருபது முறை எடுத்தேன், இருபது முறை தொட்டேன். ஆறு சரியாக இருந்தது.

"ஆறா?"

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாலே நாலு வரும்."

"அப்ப மேல ரெண்டு இருக்குல்ல?"

"அதுவும் தற்செயலா இருக்கலாம்."

"இருக்கலாம்னா, இல்லாமலும் இருக்கலாம்ல?"

"ஒரு நாளை வெச்சுச் சொல்ல முடியாதுக்கா."

இருபதுக்கு ஆறு என்று எழுதினேன். வேறு எதுவும் எழுதவில்லை. எழுந்திருக்கப் போனபோது அக்கா என் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

"படு. இப்ப நான் இந்தக் கையால தொடறேன். நீ கண்ணை மூடு. நானும் மூடிக்கறேன்."

"நீ எதுக்கு?"

"தொறந்திருந்தா பாத்துடுவேன். அப்புறம் செல்லாதுன்னு கோடு போடுவே."

கையை நீட்டிக் கண்ணை மூடினேன். அக்காவின் தோள் அசைவது பாயின் உரசலில் கேட்டது. கை வரும் வழியில் ஒருமுறை என் மணிக்கட்டில் இடித்தது. விலகியது. மறுபடி வந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மோதிரவிரலின் நுனியில் ஒரு விரல். துணியில் தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பான நுனி.

"மோதிரம்," என்றேன்.

"அப்ப தொட்டுட்டேனா?"

"தொட்டுட்டக்கா."

"அழுத்தமாவா, லேசாவா?"

"லேசா."

அந்த விரல் விலகியது. அடுத்து எந்த விரலுக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. கையை நீட்டியபடியே படுத்திருந்தேன்.